புறநகர் நிலையத்தில் ரயிலைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் வரும் சத்தம் கேட்ட பிறகு கேமராவை வெளியே எடுப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. கூட்டமான புறநகர் நிலையத்தில் வண்டி கண்ணில் பட்டு, வந்து நிற்பதற்குள் இடம் தேடி, வெளிச்சம் பார்த்து, ஃபோகஸ் வைப்பது யாருக்கும் கடினம். அந்த அவசரத்தில் கால் தானாக நடைமேடை விளிம்புக்குப் போகும். மோசமான படத்துக்கும் விபத்துக்கும் காரணம் பெரும்பாலும் இந்த ஒரே அவசரம்தான். புறநகர்ப் பாதையில் அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வண்டிகளைப் படமெடுக்காமல் வெறுமனே பாருங்கள்.

என்ன பார்ப்பது? முதலில், வண்டியின் முகப்பு எங்கே நிற்கிறது என்று. பல நிலையங்களில் ஓட்டுநருக்கான நிறுத்தக் குறிப் பலகைகள் இருக்கும். குறைந்த பெட்டிகள் கொண்ட வண்டிக்கு ஓர் இடம், நீளமான வண்டிக்கு வேறோர் இடம். அதைக் கண்டுகொண்டால் முகப்பு எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும், ஓட வேண்டியதில்லை. அடுத்து, கூரையின் நிழல் முகப்பில் குறுக்காக விழுகிறதா, மின்கம்பம் ஓட்டுநர் அறையை மறைக்கிறதா என்று கவனியுங்கள். நடைமேடை வளைவாக இருந்தால் வளைவின் உட்புறம் நில்லுங்கள். அங்கிருந்துதான் கடைசிப் பெட்டிவரை தெரியும்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு கண்ணை மூடி வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது தூரத்தைக் கணிக்கும் திறன் குறைந்துவிடும். அகலக் கோண லென்ஸ் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோலக் காட்டும். மின்சார வண்டிகள் சத்தமும் அதிகம் எழுப்புவதில்லை. ஒரு வண்டி கிளம்பும் இரைச்சலில் பக்கத்துப் பாதையில் வரும் இன்னொன்று காதில் விழாமலே போகலாம். நிற்காமல் கடக்கும் விரைவு வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் நகரும். பார்த்த பிறகு விலகிக்கொள்ளலாம் என்ற நினைப்பே கூடாது. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, நடைமேடையின் கோடியில் நின்று, தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 மி.மீ. போன்ற லென்ஸில் எடுங்கள். படமும் அப்படித்தான் அழகாக வரும் என்பது என் கருத்து. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, வண்டிக்கு ஒரு கனம் கிடைக்கும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. இருபுறமும் பாதை உள்ள நடைமேடையில் முழு வண்டியையும் ஃப்ரேமுக்குள் கொண்டுவரப் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறோம். முதுகுக்குப் பின்னால் இருப்பதும் விளிம்புதான்! இடம் மாற வேண்டுமென்றால் கேமராவை இறக்கி, திரும்பிப் பார்த்து, அப்புறம் நடங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது பக்கத்தில் நிற்பவரை இடித்துத் தள்ளாமல் இருக்கும்.

மேலே ஓடும் மின்கம்பிகளில் பல நாடுகளில் 25,000 வோல்ட் பாய்கிறது. தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே தாவக்கூடிய அழுத்தம் அது. நடைமேடையிலோ மேம்பாலத்திலோ செல்ஃபி குச்சியையும், கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பான மோனோபாடையும் உயர்த்தவே வேண்டாம். லென்ஸ் மூடி தண்டவாளத்தில் விழுந்துவிட்டதா? இறங்காதீர்கள், நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கையும் சேர்த்து. இருட்டிலிருந்து நிலையத்துக்குள் நுழையும் ஓட்டுநரின் கண்ணை அது கூசவைக்கும். ஓட்டுநர் கையசைத்தால் நீங்களும் மெதுவாக ஒரு கையை அசையுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவது பல ரயில்வேக்களில் ‘நிறுத்து’ என்ற அபாய அறிகுறி.

இனி படத்தின் பக்கம். வண்டி ஓடுகிறது என்பதற்காக ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/1000 நொடிக்கு ஏற்றினால், முகப்பில் ஊர்ப்பெயர் காட்டும் எல்இடி பலகையில் பாதி எழுத்து காணாமல் போகும். அந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை, வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன. பெயர் தெரிய வேண்டுமென்றால் வண்டி வேகம் குறைந்து நிற்கப்போகும் நேரத்தில் 1/125 அளவில் எடுத்துப் பாருங்கள். நேர் எதிரே வரும் வண்டிக்கு அந்த வேகம் பெரும்பாலும் போதும், பக்கவாட்டில் விரைந்து போவதற்குப் போதாது. பக்கவாட்டில் எடுக்கும்போது எலக்ட்ரானிக் ஷட்டரை (திரை எதுவும் நகராமல் சென்சாரே படத்தைப் பதியும் முறை) தவிர்ப்பதும் நல்லது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் நேரான கதவுகள் சாய்ந்து தெரியும். செல்போன் படங்களில் வண்டி சாய்ந்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

வெளிச்சத்தைக் கேமராவின் பொறுப்பில் விடுவது அடுத்த தவறு. முகப்பு விளக்கைப் பார்த்ததும் காட்சி மிகப் பிரகாசமானது என்று கேமரா நினைத்துக்கொள்ளும், வண்டி கறுத்துப்போகும். வண்டி வருவதற்கு முன்பே, அது நிற்கப்போகும் இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவுகளை மேனுவலில், அதாவது நாமே அமைக்கும் முறையில், பூட்டி வையுங்கள்.

கூட்டம் குறுக்கே வருகிறது என்று சலித்துக்கொள்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நிலையம் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. படிக்கட்டையும் கதவு நிற்கும் இடத்தையும் மறிக்காதீர்கள், டிரைபாடை விரிக்காதீர்கள். ஆளில்லாத ரயில் படம் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். இறங்கும் கால்களும் தூக்கிய பைகளும் நிறைந்த படம் இங்கேதான் கிடைக்கும். 1/15 நொடியில் கேமராவைத் தூணில் சாய்த்து எடுத்தால் நின்ற வண்டி தெளிவாகவும் நடப்பவர்கள் ஓடும் நிழலாகவும் பதிவார்கள், அவர்கள் முகம் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. குழந்தைகளைத் தனியாகக் குறிவைத்து எடுக்க வேண்டாம். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில்.

அனுமதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் செல்போன் படத்துக்குத் தடையில்லை, பெரிய கேமராவுக்குக் கேள்வி வரும். போனவுடன் நிலைய அலுவலரிடம் கேட்டுவிடுவது சுலபம். எடுக்க வேண்டாம் என்றால் சரி என்று கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டி எண், நிலையம், நடைமேடை, எந்தத் திசை என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். புறநகர் வண்டிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பழைய பெட்டிகள் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பிறகு, எந்த வண்டி, எந்தப் பாதையில் ஓடியது என்று தேடி வருபவர்களுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.