சென்சார் தூசி: துடைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

வானத்தை எடுத்த படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் மங்கலாக ஒரு கரும்புள்ளி. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் தூசி உட்கார்ந்திருக்கலாம். உடனே லென்ஸைக் கழற்றிச் சென்சாரைத் துடைக்கப் போவதுதான் முதல் தவறு. டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் தெரியும் தூசி படத்தில் விழாது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) மிகச் சிறிதாக எஃப்/22 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். எடுக்கும்போது கேமராவை லேசாக அசையுங்கள். சுவரின் கறை கலைந்துபோகும், சென்சார் தூசி மட்டும் நிற்கும்.

துளை அகலமான எஃப்/4-இல் அதே புள்ளி காணாமல் போகலாம். தூசி உட்காருவது சென்சாருக்கு மேலுள்ள ஃபில்டர் கண்ணாடியில். அப்பர்ச்சர் அகலமாக இருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து நிழலைக் கரைத்துவிடும். எஃப்/22-இல் மட்டும் தெரியும் இரண்டு மூன்று புள்ளிகளுக்காகச் சென்சாரைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கணினியில் அழித்துவிடலாம்.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி காய்ந்தால் தூசியைவிடப் பிடிவாதமான கறையாகும். டப்பாவில் அடைத்த காற்றும் ஆகாது. உள்ளிருக்கும் திரவம் கண்ணாடியில் தெறித்துவிடும். ரப்பர் ப்ளோயரே போதும். முதலில் வெளியே நாலைந்து முறை அழுத்தி அதற்குள் இருக்கும் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து ஊதுங்கள். ப்ளோயரின் முனை மவுண்டை (லென்ஸ் பொருத்தும் வளையத்தை) தாண்டி உள்ளே போகக் கூடாது.

டிஎஸ்எல்ஆரில் பல்ப் மோடில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் அமைப்பில்) சென்சாருக்கு முன்னாலுள்ள ஷட்டரைத் திறந்துவைத்துத் துடைப்பவர்கள் உண்டு. விரல் நழுவினால் ஷட்டர் மூடி ஸ்வாபை (துடைக்கும் குச்சியை) கவ்விக்கொள்ளும். மெல்லிய தகடுகள் வளைந்தால் ஷட்டரையே மாற்ற வேண்டியதுதான். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மெனுவிலுள்ள கிளீனிங் மோடையே பயன்படுத்துங்கள். மிரர்லெஸ்ஸில் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமராவில்) சில மாடல்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். அப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது சென்சார் அல்ல, ஷட்டர் தகடு.

ஊதியும் போகாவிட்டால்தான் ஈரத் துடைப்பு. அதிலும் முதலில் ஊதாமல் துடைத்தால் ஒரு மணல் துகள் கண்ணாடி முழுக்கக் கோடு போட்டுவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி நார் உதிர்க்கும். பெரிய முழு ஃபிரேம் சென்சாருக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகல ஸ்வாப் வாங்குங்கள். சென்சாருக்கென்றே விற்கும் திரவம் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். கூடினால் ஓரங்களில் தேங்கிக் காய்ந்து திட்டாகும். ஒரு பக்கத்தால் ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்பி ஒரே இழுப்பு, பிறகு குப்பைக்கு. கறை மிஞ்சினால் புது ஸ்வாப்.

புள்ளியைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: படத்தில் மேலே இடப்பக்கம் தெரிந்தால், மவுண்ட் வழியாகப் பார்க்கையில் தூசி கீழே இடப்பக்கம் இருக்கும்.

எல்லாப் புள்ளியும் தூசியல்ல. ஷட்டரிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த் துளி ஊதினால் போகாது. துடைத்த சில வாரங்களில் அதே மூலையில் மறுபடியும் வந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் இந்தப் புகார் பெருகி, நிறுவனமே இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது.