பிரிந்த பிறகு வீட்டில் ஒருவர் மட்டும் குடியிருந்தால், உங்கள் பங்குக்கு வாடகை கேட்பது எப்படி?

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கிரயம் செய்த வீடுகள் இப்போது நிறைய. பிரிந்த பிறகு ஒருவர் அதே வீட்டில் இருப்பார், இன்னொருவர் வெளியே வாடகை கொடுத்துக்கொண்டு, "பாதி வீடு என்னுதுங்க, அதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பார். இருக்கிறது. ஆனால் தானாக வராது, கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

முதலில் பத்திரத்தைப் பாருங்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்பதாலேயே வீட்டில் பாதி வந்துவிடாது. ஒருவர் பெயரில் மட்டும் பத்திரம் இருந்தால் அது வேறு வழக்கு, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. இரண்டு பெயரும் இருந்து பங்கு எழுதவில்லை என்றால், 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 45வது பிரிவுப்படி யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதம். அதைக் காட்ட முடியாவிட்டால் சமபங்கு. அதனால் லோன் ஸ்டேட்மென்ட், பாஸ்புக், முன்பணத்துக்காக நகையை விற்ற ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்ததில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கூட்டு உரிமையாளர் ஒருவர் அந்த வீட்டில் குடியிருப்பது மட்டுமே தப்பில்லை, ஏனென்றால் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் அவருக்கும் உரிமை உண்டு. நீங்களாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம் வந்து வாடகை கொடு என்றால் கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம். உங்களை உள்ளே விடவில்லை என்று காட்ட வேண்டும். பூட்டு மாற்றிய போட்டோ, "இந்தப் பக்கம் வராதே" என்று வந்த வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாம் உதவும். எதுவும் இல்லையென்றால் இன்றைக்கே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: ஒன்று என்னைக் குடியிருக்க விடு, இல்லையென்றால் என் பங்குக்கு மாதம் இவ்வளவு கொடு. நோட்டீஸ் அவர் கைக்குப் போனதற்கான ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள், பெரும்பாலும் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். எவ்வளவு தாமதித்தாலும் பின்னோக்கிக் கேட்பது பொதுவாக 3 ஆண்டுக்குத்தான்.

வாடகை வசூல் இருந்தால் கதை சுலபம். திருப்பூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு லைன் வீடு கட்டி விட்டிருப்பார்கள். அந்த வாடகையை ஒருவரே வாங்கிக்கொண்டிருந்தால், உங்களைத் துரத்தினாரா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம், வந்த பணத்துக்கு அவர் கணக்குக் காட்டியாக வேண்டும்.

தொகையை எப்படிப் போடுவது? அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகை போகிறது என்று பாருங்கள். 18,000 என்று வைத்துக்கொள்வோம், உங்கள் பாதி 9,000. ஆனால் அவர் ஒருவரே மாதம் 14,000 இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருந்தால் அதில் உங்கள் பாதி 7,000 கழியும், மிச்சம் 2,000தான். இ.எம்.ஐ. 20,000 என்றால் நீங்கள்தான் அவருக்கு 1,000 தர வேண்டியவர். வீட்டு வரி, பெரிய ரிப்பேர் செலவும் இதே மாதிரி. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பது மனைவி என்றால் இன்னொன்றும் உண்டு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை தருகிறது. அவர் அதன்படி உத்தரவு வாங்கியிருந்தால் வாடகை கேட்டுப் போவதில் பெரிதாகப் பலன் இருக்காது என்பது என் எண்ணம்.

வழக்கு என்றால் பாகப்பிரிவினையோடு சேர்த்தே இதையும் கேளுங்கள், தனியாக வேண்டாம். கணவன் மனைவி சொத்துத் தகராறு குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும். மனுவில் ஒரு சிக்கல் இருக்கிறது. "சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது", அதாவது இருவர் வசமும் இருக்கிறது என்று எழுதினால் கோர்ட் கட்டணம் குறைவு, "என்னை வெளியேற்றிவிட்டார்" என்றால் உங்கள் பங்கின் மதிப்புக்குக் கட்ட வேண்டும். காசு மிச்சம் என்று முதலாவதை எழுதிவிட்டு, உள்ளே விடவில்லை, வாடகை கொடு என்று கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

நம் பக்கம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் அதிகம். தாராளமாகப் பேசுங்கள், ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். ஒருவர் பங்கை இன்னொருவர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும், அதுவும் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே. குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத்தாள் சலுகை கணவன் மனைவியாக இருக்கும்வரைதான். பங்கை எழுதிக் கொடுத்தாலும் லோனில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், அவர் கட்டாவிட்டால் பேங்க் உங்களைத்தான் தேடி வரும். லோனிலிருந்து பெயரை நீக்கிவிட்டதாக பேங்க் கடிதம் கைக்கு வந்த பிறகு பதிவுக்குத் தேதி வாங்குங்கள்.