பெனிஃபிட் கேப் விழுந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது

பிரிட்டனில் உழைக்கும் வயதினரின் குடும்பம் பெறக்கூடிய உதவித்தொகைகளுக்கு 2013 முதல் ஓர் உச்சவரம்பு உண்டு. பெனிஃபிட் கேப் எனப்படும் இந்த எல்லை, 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட அளவின்படி, தம்பதியருக்கும் பிள்ளைகளோடு வாழும் தனிப் பெற்றோருக்கும் லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்டும் லண்டனுக்கு வெளியே 22,020 பவுண்டும் ஆகும். பிள்ளையில்லாத தனியருக்கு அது முறையே 16,967, 14,753 பவுண்டு. வாடகைக்கான உதவியும் இந்தக் கணக்கில் சேர்வதால், வாடகை மிகுந்த பகுதிகளில் வாழ்வோரும் பிள்ளைகள் பலர் உள்ளோருமே பெரும்பாலும் இதில் அகப்படுகிறார்கள்.

குறைந்த வருமானத்தினருக்கும் வேலையில்லாதோருக்கும் அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் மாதாந்தரக் கொடுப்பனவு விவரத்தைத் திறந்து, உச்சவரம்பின் பெயரில் ஏதேனும் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழிக்கப்பட்டிருந்தால், எந்தச் செலவைக் குறைப்பது என்று யோசிப்பதற்கு முன் உங்களுக்கு விலக்கு உண்டா என்று தேடுங்கள்.

நீங்களோ, உங்கள் துணையோ, உங்கள் கோரிக்கையில் சேர்க்கப்பட்ட பிள்ளையோ பிப் (PIP), டிஎல்ஏ (DLA) எனப்படும், நெடுநாள் நோயோ உடற்குறைபாடோ உள்ளோருக்கான உதவித்தொகைகளில் ஒன்றைப் பெற்றால் உச்சவரம்பு வீடு முழுமைக்கும் பொருந்தாது. நோய் இருப்பது மட்டும் இதற்குப் போதாது. சரியான தீர்மானம் கையில் இருக்க வேண்டும். வேலைத்திறன் மதிப்பீட்டில், வேலைக்கான ஆயத்தங்களையும் செய்ய இயலாதவர் என்ற பிரிவுக்குரிய கூடுதல் தொகை கிடைத்தால் விலக்கு உண்டு. வேலை செய்ய மட்டும் இயலாதவர் என்ற பிரிவில் வைக்கப்பட்டவருக்கு இல்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகக் கடுமையான இடம் இதுதான். ஆகவே, பிப்புக்குத் தகுதி இருக்கக்கூடும் என்று தோன்றினால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு சூழல்களில் கூடுதல் கவனம் தேவை. பிள்ளைக்கு 16 வயதாகும்போது டிஎல்ஏ முடிந்து பிப்புக்கு விண்ணப்பிக்க நேரும். அது மறுக்கப்பட்டால், பிள்ளையின் தொகையோடு குடும்பத்தின் விலக்கும் போய்விடலாம். வளர்ந்து தனக்கெனத் தனியாக உதவித்தொகை கோரும் மகனோ மகளோ பெறும் பிப், ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் பெற்றோருக்கு விலக்களிக்காது. அவரை வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிப்பவர், பராமரிப்பாளருக்கான தொகையைக் கோரினால் அந்த வழியாக விலக்குப் பெறலாம். 2016 நவம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது.

வேலையில் இருப்போருக்கு வேறொரு வாயில் உண்டு: வரி போக, தம்பதியர் இருவரின் சம்பளமும் சேர்ந்து, 2025 ஏப்ரலில் மாதத்துக்கு 846 பவுண்டாக இருந்த வருமான வரம்பை எட்டினால் உச்சவரம்பு பொருந்தாது. வேலையை அண்மையில் இழந்தவர்கள், அதற்கு முந்தைய 12 மாதங்களும் அப்போதைய வரம்பளவு சம்பாதித்திருந்தால், ஒன்பது மாதச் சலுகைக் காலம் பெறலாம். பழைய சம்பளச் சீட்டுகளைக் காட்டி அதைக் கேளுங்கள்.

தீர்மானம் தவறு என்று தோன்றினால், அதன் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோருங்கள். அது முடியும்வரை வாடகை நிலுவையாகாதிருக்க, உங்கள் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் வீட்டுச் செலவுக்கான கூடுதல் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கவுன்சில் தன் விருப்புரிமைப்படி, பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே தரும் உதவி அது என்பதால், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் கடிதங்கள் ஆகியவற்றை முதல் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள்.