5.1 ஹோம் தியேட்டர்: ஒயர் போடுவதிலிருந்து சத்தம் வரும் வரை

ஒரு ஏவி ரிசீவர் (டிவியின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கென்றே ஒரு சப்வூஃபர். எல்லா இணைப்பும் முடியும் வரை எதையும் கரண்ட்டில் செருகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் ஒயரின் இரு முனைகளும் உரசினால் ரிசீவர் தானே அணைந்துகொள்ளும். நேரம் சரியில்லையென்றால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரே போய்விடும்.

படி 1: இடம்

முன் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள தூரமும், அவை ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலை வரை உள்ள தூரமும் ஒன்றாக இருக்கட்டும். வசனம் பேசுவது சென்டர்தான். அதை டிவிக்குக் கீழே, அலமாரிக்குள் தள்ளிவிடாமல் விளிம்பு வரை இழுத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கிற மாதிரி சற்று நிமிர்த்தி வையுங்கள். சரவுண்ட் இரண்டும் இருக்கைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, காதைவிடச் சற்று உயரத்தில்.

படி 2: ஸ்பீக்கர் ஒயர்

சாதாரண அறைக்கு 16 கேஜ் செம்பு ஒயர் போதும். முனையில் 1 செ.மீ. அளவுக்கு உறையை உரித்து, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஓர் இழைகூடப் பக்கத்து டெர்மினலைத் தொடக் கூடாது.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது பிளஸ், மைனஸில்தான். ஒன்று மாறிப்போனாலும் சத்தம் வரும், அதனால் சந்தேகமே எழாது. ஆனால் பேஸ் மெலிந்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய பாட்டுக் குரல் அறை முழுக்கக் கலைந்து கேட்கும். ஒயர் சுவருக்குள் போயிருந்தால் ரிசீவர் பக்கத்து முனைகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸைத் தொட்டதுதான் சிவப்பு டெர்மினலுக்குப் போக வேண்டிய ஒயர். உள்ளே இழுத்தால் தலைகீழ்.

படி 3: எச்டிஎம்ஐ

ரிசீவரின் 'அவுட்' துளையிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள். டிவியில் ஏஆர்சி (ARC) அல்லது இ-ஏஆர்சி (eARC) என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும்; டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி அதுதான். மற்றதில் படம் தெரியும், ஆனால் டிவிக்குள் ஓடும் ஆப்களின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வராது. பிறகு இரண்டு கருவிகளின் மெனுவிலும் ஏஆர்சியையும் சிஇசியையும் (CEC, எச்டிஎம்ஐ வழியே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். சிஇசிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு செல்லப்பெயர் வைத்திருப்பதால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

படி 4: அளவுகள்

ரிசீவருடன் வந்த மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து ஆட்டோ செட்டப்பை ஓட்டுங்கள். முடிந்ததும் ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவரை (அடித்தொனி சப்வூஃபருக்குப் பிரிந்து போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றும் மாற்றுங்கள். சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் திருகு கடைசி வரை திறந்திருக்கட்டும். இல்லையென்றால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்து, இடையில் ஓசை காணாமல் போகும்.

மக்கர் செய்தால்

சரவுண்ட் ஊமையாக இருந்தால் டிவியின் ஆடியோ அவுட்புட்டைப் பாருங்கள். அது பிசிஎம்மில் (டிவியே பிரித்துக் கொடுக்கும் சத்தம்) இருந்தால், சாதாரண ஏஆர்சி வழியே இரண்டு சேனல்தான் வரும். சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது 'பாஸ்த்ரூ'வுக்கு மாற்றுங்கள். படமே ஸ்டீரியோவாக (இரண்டு சேனல் மட்டும்) இருந்தால் ரிசீவர் மேல் பழி போடாதீர்கள்.

நேற்று வரை வந்த ஏஆர்சி சத்தம் இன்று இல்லையா? டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, சில நிமிடம் கழித்து முதலில் டிவி, அடுத்து ரிசீவர் என்று போடுங்கள்.

சப்வூஃபர் 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தால் அதன் சிக்னல் கேபிளைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் கேபிளிலோ எர்த்திலோ கோளாறு: ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

உதடு முந்தி, வசனம் பிந்துகிறதா? ஆடியோ டிலேயைக் கூட்டினால் இன்னும் பிந்தும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, டிவியில் கேம் மோடை அணைத்துப் பாருங்கள்; படமும் சற்றுப் பிந்தி வசனத்தோடு சேர்ந்துகொள்ளும்.