பக்கத்து வளவு நாய் கடித்தால் என்ன செய்வது

முதலில் சவர்க்காரமும் தண்ணீரும். நாய் யாருடையது, படலையை யார் திறந்து விட்டது, பிள்ளை ஏன் அந்த ஒழுங்கையால் வந்தது என்ற கேள்விகள் எல்லாம் கால் மணித்தியாலம் பொறுத்திருக்கும். காயம் பொறுக்காது.

அக்காவின் மகளுக்கு நாய் கடித்த பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அவளுக்கு ஒன்பது வயது, ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவளை, எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிற வீட்டு நாய் படலைக்குக் கீழே இருந்த இடைவெளியால் நுழைந்து வந்து கெண்டைக் காலில் கவ்விவிட்டது. இரண்டு பல் ஆழமாகப் பதிந்திருந்தது, பக்கத்தில் ஒரு கீறல், இரத்தம் பெரிதாக இல்லை. அதைப் பார்த்ததும் ஒருவர் கோப்பித்தூள் கொண்டு ஓடி வந்தார், அம்மம்மா மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்னார், நாய்க்காரர் படலையில் நின்றபடி "எங்கட நாய் கடிக்காது, விளையாட்டுக்குப் பாஞ்சிருக்கும்" என்றார், அக்கா அவரோடு சத்தம் போடத் தொடங்கினார். பத்து நிமிடம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் பிள்ளையின் காலில் நாயின் எச்சில் அப்படியே இருந்தது.

அந்த எச்சிலில்தான் விசர்நாய்க்கடிக் கிருமி இருக்கும். அதன் வெளித்தோல் கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் பட்டால் கரையும், அதனால்தான் வெறும் தண்ணீர் போதாது என்கிறார்கள். கிணற்றடிக்குக் கூட்டிப் போய் ஒருவர் வாளியால் ஊற்ற ஊற்ற மற்றவர் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், குழாய்க்கிணறு என்றால் ஒருவர் கைபிடியை அடிக்கட்டும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியும் பரவாயில்லை. 15 நிமிடம் என்பது நினைப்பதை விட நீளமான நேரம், போனில் மணி பார்த்துக் கழுவுங்கள். பிள்ளை அழும், எரியும், விட்டுவிடாதீர்கள். பிறகு வீட்டில் அயடின் இருந்தால் பூசலாம். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம், இரத்தம் நிற்காமல் ஓடினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலை பஸ்ஸில் போவோம் என்று வைக்காதீர்கள். முகம், தலை, கழுத்து, கைவிரல்களில் கடித்திருந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, மூளைக்குக் கிட்டக் கடித்தால் பயணம் குறைவு. சின்னப் பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் அவர்களுக்குத்தான் இப்படிப் படும். ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் ஏற்றுவார்கள், அது எல்லாச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இராது. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ போகச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி விடாதீர்கள். அரச ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு இல்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் கூடப் போடலாம், போட வேண்டும்.

கடி என்றால் பல் பதிந்தது மட்டும் இல்லை. நகக் கீறல், ஏற்கனவே இருந்த புண்ணில் நக்கியது, தூக்கி விளையாடிய குட்டி மெல்லக் கவ்வியது எல்லாம் கணக்குத்தான். குட்டிக்கு விசர் வராது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர், அது பிழை. பூனை, கீரி, நரி, மரநாய், குரங்கு கடித்தாலும் இதே வழிதான். மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மாடு சாப்பிடாமல் வாயால் நீர் வடித்துக்கொண்டு ஒரு மாதிரிக் கத்தினால் தொண்டையில் ஏதோ சிக்கி இருக்கிறது என்று வாய்க்குள் கை விடுவது எங்கள் பழக்கம். விசர்நாய் கடித்த மாடும் அப்படித்தான் இருக்கும். கையை விடாமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வன்னியில் பாம்பு கடித்தால் விசக்கடி வைத்தியரிடம் ஓடிய காலம் ஒன்று இருந்தது, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நாய்க்கடிக்குப் பார்வை பார்த்து, நூல் கட்டி, பத்தியம் இருந்து பயனில்லை. நோய்க்குறி வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை, எந்த நாட்டிலும் இல்லை. அது தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கலாம், சில வேளை அதை விடவும் கூட. ஆகவே கடித்து மூன்று கிழமை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று இருக்காதீர்கள், போகாமல் விட்டிருந்தால் இன்றைக்காவது போங்கள். ஊசித் திகதிகளைக் கலண்டரில் பேனையால் வட்டம் போட்டு வையுங்கள். அருவி வெட்டு நாளிலும் கூலி வேலைக்குப் போகிற நாளிலும் பலர் கடைசி ஊசியைத் தவற விடுகிறார்கள், காயம் ஆறிவிட்டது என்பதற்காக.

சரி, இனி நாய்.

அடித்துக் கொல்லாதீர்கள். கோபம் வரும், பெடியள் பொல்லோடு வருவார்கள், தடுங்கள். கடித்த நாய் உயிரோடு இருந்தால்தான் அது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அதைக் கட்டியோ அடைத்தோ சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும், பிள்ளைக்கு ஊசி அது பாட்டுக்கு நடக்க வேண்டும், நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்களாக ஊசியை நிறுத்தக்கூடாது, வைத்தியர் சொல்லட்டும். நாய் சாப்பிடாமல் விட்டால், குரல் மாறினால், கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடிந்தால், இருட்டு மூலை தேடிப் படுத்தால், காரணம் இல்லாமல் கட்டையையும் கல்லையும் கடித்தால் கிட்டப் போகாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே சொல்லுங்கள். செத்துப் போனால் அவசரப்பட்டுத் தாட்டு விடாதீர்கள். விசர் இருந்ததா என்பதை மூளையைச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்லலாம், அதற்குத் தலையை ஐஸில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அதனால்தான் தலையில் அடிக்கக் கூடாது என்பதும். நீங்களாக வெட்டப் போகாதீர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கால்நடை வைத்தியரையோ கேளுங்கள்.

கட்டாக்காலி நாய் கடித்துவிட்டு ஓடிவிட்டால், அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதற்கு ஏற்றபடி மருந்து கொடுப்பார்கள்.

நாய்க்காரரோடு கதைப்பதுதான் இங்கே கஷ்டமான பகுதி. அவர் யாரோ அல்ல, அருவி வெட்டுக்குக் கை கொடுத்தவர், செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் பந்தல் போட வந்தவர், பல வேளை மாமனோ மச்சானோ. அதனால்தான் ஒரு நாய் ஒரே ஒழுங்கையில் நாலு பேரைக் கடிக்கும் வரை ஊர் பேசாமல் இருக்கிறது. நான் சொல்வது, கடிக்க முதலே சொல்லுங்கள். நாய் சைக்கிளைத் துரத்தத் தொடங்கிய கிழமையே சொன்னால் அது முறைப்பாடு இல்லை, அயலவர் கதை.

கடித்த பிறகு என்றால், காயத்தைக் கழுவி முடித்ததும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், எந்த நாய், யார் பார்த்தது என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, முச்சக்கரவண்டிக் காசு, வேலைக்குப் போகாத நாள் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். பிறகு, அன்றைக்குப் பொழுதுபட இல்லை, மறுநாள் விடிய, இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய வயதான ஒருவரோடு போங்கள். அக்கா போய் நாய்க்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, நாயை என்ன செய்யிறதெண்டு கேக்க வரேல்லை. ஊசி போட்ட அட்டையைக் காட்டுங்கோ. இரண்டு கிழமை கட்டி வையுங்கோ. படலைக்குக் கீழ பலகை ஒண்டு அடியுங்கோ." மூன்றே மூன்று வேலை, மூன்றும் செய்யக் கூடியவை. ஊசி போட்டது என்று வாயால் சொன்னால் போதாது, அட்டையில் உள்ள திகதியை உங்கள் கண்ணால் பாருங்கள். எங்கள் வழக்கில் அட்டையில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்திய திகதி. அவர் பொய் சொல்லவில்லை, ஒரு முறை போட்டால் காணும் என்று நினைத்திருந்தார்.

நாய்க்காரர் சொல்வதைக் கேட்காமல் விட்டால் அடுத்த படி கிராம அலுவலர், அதோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஒரு வீடு தனியாகப் போவதை விட ஒழுங்கையில் உள்ள ஐந்தாறு வீடு கையெழுத்து வைத்த கடிதம் வேலை செய்யும், ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும் கொடுங்கள். நாய்ப் பதிவுச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தும் விசர்நாய்க்கடிச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலிருந்தும் இருக்கின்றன, புதிதாக யாரும் கண்டுபிடித்த தொல்லை இல்லை இது. தன் மிருகத்தால் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறுவது தண்டனைச் சட்டக் கோவையிலும் குற்றம். கடுமையான கடி, அல்லது அதே நாய் மறுபடியும் கடித்தது என்றால் பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். இப்படியான பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம், சட்டத்தரணி தேவையில்லை, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருந்து கதைப்பதுதான். மருந்துச் செலவையும் வேலியையும் பற்றி எழுத்தில் ஓர் உடன்பாடு வந்தால் அது நீதிமன்றப் படியேறுவதை விட எவ்வளவோ மேல். அந்தக் கொப்பி அங்கேதான் உதவும்.

இனி நாய் வைத்திருப்பவர்களுக்கு. எனக்கும் நாய் இருக்கிறது. வன்னியில் நாய் இல்லாமல் முடியாது என்பதும் தெரியும், கச்சான் தோட்டத்துக்குப் பன்றி வரும், இரவில் யானை வந்தால் முதலில் குரைப்பது அதுதான். 2008 இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் நாயின் சங்கிலியைக் கழற்றி விட்டுத்தான் உழவு மெசினில் ஏறினோம், அது கொஞ்சத் தூரம் பின்னால் ஓடி வந்தது. அப்படி விட்டு வந்தவர்கள் இந்த ஊரில் அனேகம் பேர், ஆகவே நாயை வெறுத்து இதை எழுதவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை ஊசி. சுகாதாரப் பணிமனை ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடும், ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நாளில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போங்கள், தவறினால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். செய்யாமல், கண் திறக்காத பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் பள்ளிக்கூட மதிலோரமும் விட்டு வருகிறோமே, அதில் தப்பியதுதான் இரண்டு வருடத்தில் கூட்டமாக நின்று பிள்ளைகளைத் துரத்துகிறது. கட்டாக்காலி நாய் தானாக முளைப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

நாள் முழுக்க ஒரு முழச் சங்கிலியில் கட்டிக் கிடக்கிற நாய்தான் அவிழ்ந்த அன்று மோசமாகக் கடிக்கும். நீளமான கம்பி ஒன்றை இரண்டு மரத்துக்கு இடையில் இழுத்து அதில் வளையம் போட்டுக் கட்டினால் அது ஓடித் திரியும், கழுத்தும் புண்ணாகாது. இன்னும் நல்லது வேலியைச் சரி பார்ப்பது. நின்றபடி பார்த்தால் வேலி நன்றாகத்தான் தெரியும், குந்தி இருந்து நாயின் கண் உயரத்தில் சுற்றி வாருங்கள். மழைக்கு மண் அரித்த இடம், கிடுகு உக்கிய மூலை, முள்ளுக்கம்பி தளர்ந்த இடம், படலைக்குக் கீழே ஒரு சாண் வெளிச்சம், எல்லாம் அப்போதுதான் தெரியும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு பின்னேர வேலை. நாய் பாய்ந்து வந்தால் ஓடாதே, கத்தாதே, மரம் மாதிரி நில், கையை உடம்போடு ஒட்டி வை, அதன் கண்ணைப் பார்க்காதே, அது மணந்து பார்த்துவிட்டு விலகும், பிறகு மெல்லப் பின்னால் நட. சைக்கிள் என்றால் இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் பிடி. விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் பொத்து. கல் எடுப்பது போலக் குனிந்தால் நாய் ஓடும் என்பது பெரியவர்களுக்குச் சில வேளை சரிவரும், ஆனால் பிள்ளை குனிந்தால் முகம் நாயின் வாய்க்கு நேரே வந்துவிடும், அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சாப்பிடுகிற நாய், குட்டி போட்ட நாய், கட்டிக் கிடக்கிற நாய், இவற்றுக்குக் கிட்டப் போகக் கூடாது, அது சொந்த வீட்டு நாயாக இருந்தாலும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், முற்றத்தில் நிற்க வைத்து, நீங்கள் நாய் மாதிரி ஓடி வந்து பழக்குங்கள்.

அக்காவின் மகள் எல்லா ஊசியும் போட்டு முடித்தாள். அந்த இரண்டு கிழமையும் நாய்க்காரரின் மனைவி விடியக் காலையில் வேலியால் எட்டி, நாய் சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது என்று சொல்லுவார், அக்கா அதைக் கொப்பியில் எழுதுவார். படலைக்குக் கீழே பனம் பலகை அடித்தாயிற்று. அவள் இப்போதும் அந்த இடம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறாள்.