கொலோனோஸ்கோபியில் காற்றுக்குப் பதில் கரியமில வாயு: இணைப்பது எப்படி?

கொலோனோஸ்கோபியில், அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாயை (ஸ்கோப்) விட்டுப் பார்க்கும்போது, குடலை விரிக்க ஏன் வாயு ஏற்றுகிறோம் என்பது எண்டோஸ்கோபி அறையில் நிற்பவர்களுக்குத் தெரியும். எந்த வாயு என்பதுதான் கேள்வி.

அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். குடல் சுவர் அதை லேசில் உறிஞ்சாது. பரிசோதனை முடிந்தும் நோயாளி வயிறு உப்பிப் படுத்திருப்பார். கரியமில வாயு நைட்ரஜனைவிடச் சுமார் 160 மடங்கு வேகமாக உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியே நுரையீரலுக்குப் போய் மூச்சோடு வெளியேறும். குடலுக்குள் எரியக்கூடிய ஹைட்ரஜன், மீத்தேன் மிச்சமிருந்தாலும் இது எரிய உதவாது. என் ஓட்டு இதற்குத்தான்.

முதலில் சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலி போடுங்கள். உள்ளே இருப்பது திரவம். சாய்த்தால் இன்சஃப்ளேட்டருக்குள் (சிலிண்டர் வாயுவை ஸ்கோப்புக்கு அனுப்பும் கருவி) இறங்கும். அழுத்தமானி முள்ளை நம்பாதீர்கள். திரவம் தீரும்வரை அசையாமல் நிற்கும், அப்புறம் மளமளவென்று விழும். மாற்று சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்து, இன்சஃப்ளேட்டர் குழாயை, ஸ்கோப்போடு சேரும் வாயு இணைப்புள்ள தண்ணீர் பாட்டிலில் மாட்டுங்கள். சாதாரண பாட்டிலில் அந்த இணைப்பு இருக்காது.

பலரும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். லைட் சோர்ஸில் (ஸ்கோப்புக்கு ஒளி தரும் பெட்டி) இருக்கும் ஏர் பம்பை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் இரண்டும் கலந்தே உள்ளே போகும். குடல் நன்றாகவே விரியும், எந்த அலாரமும் அடிக்காது. வயிறு உப்பிய நோயாளியைப் பார்த்து, 'கரியமில வாயுவால் என்ன பிரயோசனம்?' என்று கேட்பார்கள். சோதிப்பது சுலபம்: இன்சஃப்ளேட்டரை நிறுத்திவிட்டு ஸ்கோப் நுனியைத் தண்ணீரில் முக்கி, ஸ்கோப் கைப்பிடியில் இருக்கும் காற்று பட்டனின் துளையை விரலால் மூடுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வரலாம். வந்துகொண்டே இருந்தால் பம்ப் ஓடுகிறது என்று அர்த்தம்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மயக்க மருந்தும் கொடுத்திருந்தால் இந்த வாயு உடம்பில் தேங்கலாம். கேப்னோகிராஃபி (மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை அளப்பது) வைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். எந்த வாயு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பிற்சேர்க்கை: சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது என்று ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். பட்டனைப் பாருங்கள். சாதாரண பட்டனின் துளை வழியே, விரல் வைக்காத நேரமெல்லாம் வாயு அறைக்குள் வீணாகிக்கொண்டிருக்கும். கரியமில வாயுவுக்கென்றே தனி பட்டன் கிடைக்கிறது, அழுத்தினால்தான் திறக்கும். அதையே வாங்குங்கள். குமிழிச் சோதனையில் அதைப் பாதி மட்டும் அழுத்துங்கள், முழுக்க அழுத்தினால் தண்ணீர் வரும். நாளின் கடைசி நோயாளி இறங்கியதும் சிலிண்டரின் தலை வால்வையே மூடிவிடுங்கள்.