லிஃப்ட் ஓடாத நாளில் எம்சி எடுப்பது எப்படி?

கோலாலம்பூர், ஜின்ஜாங்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். பேரங்காடி ஒன்றில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர் வேலை. பிறர் நீட்டும் எம்சியை, அதாவது மருத்துவர் தரும் நோய் விடுப்புச் சான்றிதழை, வாங்கிச் சரிபார்ப்பவளும் நான்தான். லிஃப்ட் நின்றுபோன காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படி இறங்கத் தெம்பில்லாமல், கைப்பேசித் திரையிலேயே பார்த்து எம்சி தரும் மருத்துவரைத் தேடியவளும் நான்தான்.

மருத்துவரைத் தேடும் முன் மேலதிகாரிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் எம்சி இருந்தாலும் சொல்லாமல் நின்றுவிட்ட கணக்குதான். புலனத்தில் (வாட்ஸ்அப்) இரண்டு வரி போதும். அழைத்துச் சொன்னாலும் எழுத்திலும் ஒன்று அனுப்பிவையுங்கள். பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

அடுத்தது பேனல் கிளினிக், அதாவது நிறுவனம் தன் ஆட்களுக்கென்று ஏற்பாடு செய்த கிளினிக். நிறுவனம் மருத்துவரை நியமித்திருந்தால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அப்படி யாரும் இல்லை, அல்லது நியாயமான நேரத்திலோ தொலைவிலோ கிடைக்கவில்லை என்றால்தான் பதிவுபெற்ற வேறு மருத்துவர். இது தெரியாமல் நான் எடுத்த முதல் இயங்கலை (ஆன்லைன்) எம்சியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கட்டணமும் போயிற்று, ஒருநாள் சம்பளமும் போயிற்று. உடம்பு நன்றாக இருக்கும்போதே மனிதவளப் பிரிவில் கேட்டு வையுங்கள்: இயங்கலை எம்சியை ஏற்பீர்களா, பேனலிலேயே காணொளி வசதி உண்டா?

எல்லா நோய்க்கும் திரை உதவாது. சளி, வயிற்றுப்போக்கு, கண்வலி, வழக்கமாக வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவற்றைப் பேசியே பார்த்துவிடலாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் படியிறங்கித்தான் ஆக வேண்டும். டெங்கியைக் கண்டுபிடிக்க இரத்தம் எடுக்க வேண்டும், கைப்பேசியால் அது ஆகாது. காய்ச்சல் இறங்குகிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் தலைகாட்டும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் எம்சியை மறந்துவிட்டு 999.

ஏழாவது மாடி அக்காவுக்கு ஒருமுறை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் மலாயில் கேட்க, அக்கா "வயிறு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னார். ஐந்து நிமிடம் அதிலேயே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டு வந்தாலும் ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன்: எப்போது தொடங்கியது, எத்தனை முறை போயிற்று, காய்ச்சல் எத்தனை பாகை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்குக்கு மலாயில் 'சிரிட் பிரிட்' (cirit-birit), வாந்திக்கு 'முன்தா' (muntah). இந்த இரண்டு சொல்லே பாதித் தூரம் கொண்டுபோய்விடும். தமிழ் பேசும் மருத்துவர் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்கள் வீட்டுக்குள் லைன் அறுந்து அறுந்து வரும் என்பதால் நடைபாதைச் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். வெளிச்சமும் முகத்தில் விழும்.

பணம் கட்டியது ஆலோசனைக்கு, எம்சிக்கு அல்ல. விடுப்பு தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்தால் சண்டை போட்டுப் பயனில்லை. நேற்றைய தேதி போட்டுத் தரச் சொல்லியும் கேட்காதீர்கள்.

எம்சி வந்ததும் அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் இருக்கிறதா? நம் பெயர்களில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) விடுபட்டு, அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அடையாள அட்டை எண், விடுப்புத் தேதிகள், மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும், கிளினிக் முகவரி ஆகியவையும் சரியாக இருக்க வேண்டும். மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவரின் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். நான் தட்டிப் பார்ப்பேன். ஒரு பையன் கொண்டுவந்த எம்சியில் சந்தேகம் வந்து, அதிலிருந்த கிளினிக்கை அழைத்தேன். அந்தப் பெயரில் அன்று யாரும் வரவில்லை என்றார்கள். டெலிகிராமில் வாங்கியதாம். போலி ஆவணத்தை உண்மையானதென்று தெரிந்தே நீட்டுவது தண்டனைச் சட்டம் 471ஆம் பிரிவில் குற்றம். ஒருநாள் தூக்கத்துக்கு அவ்வளவு விலையா?

செலவு கட்டுப்படாவிட்டால் அரசாங்க கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). காத்திருப்புதான் நீளம். சில சமயம் எம்சிக்குப் பதில் டைம் ஸ்லிப்தான் தருவார்கள். அது அங்கே இருந்த நேரத்துக்கு மட்டும் சாட்சி, முழுநாள் விடுப்பாகாது.

சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு ஆண்டுக்கு எத்தனை நாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாதவர்களுக்கு 14, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. முறையான எம்சியைக் கொடுத்தும் சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். புலனத்தில் அனுப்பிய அந்த இரண்டு வரி அப்போது கைகொடுக்கும்.

எம்சியை மேற்பார்வையாளருக்கு அனுப்பும்போது படம் பிடித்து அனுப்பாமல் வந்த கோப்பையே அனுப்புங்கள். படத்தில் எண்கள் மங்கிவிடும். என்னைப் போன்றவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்போம்.